முதல் பிடி உங்கள் கையிலிருந்து: புதிதாகப் பொறுப்பேற்கும் ஆன்மிகத் தலைவர்களுக்கு

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் ஒரு கோயிலிலோ சர்ச்சிலோ பள்ளிவாசலிலோ பொறுப்புக்கு வருகிறவர், வருஷம் திரும்புவதற்குள் ஜனங்களிடம் உதவி கேட்டே ஆக வேண்டியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் தெருவுக்குள் வந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகை நம்பியிருக்கும் கரையோர வீடுகளில் கையில் காசு புரளாது. அது முடிவதற்குள் பள்ளிக்கூடம் திறந்து நோட்டு, பை, சீருடை என்று அடுத்த செலவு வரும்.

அப்படிக் கேட்கும்போது எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் மனசுக்குள் ஒரு கேள்வி ஓடும்: இவர் கொடுக்கிறவரா, வாங்குகிறவரா? யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். கேட்கவும் தேவையில்லை. மளிகைக் கடைக்காரருக்கும் ஆட்டோ ஸ்டாண்டுக்கும் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கும் உங்கள் கை எப்படி என்று ஆறே மாதத்தில் தெரிந்துவிடும். அதனால் கேட்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. குருக்கள், பூசாரி, தர்மகர்த்தா, பஜனை மடம் நடத்துகிறவர், சன்மார்க்க சங்கத்தார், பங்குத் தந்தை, பாஸ்டர், இமாம், முத்தவல்லி (பள்ளிவாசல் நிர்வாகி) என்று யாராக இருந்தாலும் வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான். விதிகள் மாறும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

முதலில் பையைப் பிரியுங்கள்

தானத்தை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பணம் எது, தலத்தின் பணம் எது என்று பிரிப்பதுதான் முதல் வேலை. சம்பளம் சுலபம். சிக்கல் மற்றதில்: தட்டுக் காசு, கிரகப்பிரவேச தட்சணை, வீடு மந்திரிக்கப் போனால் கொடுக்கும் கவர், நிக்காஹ் ஓதியதற்கான ஹதியா (அன்பளிப்பு), வாசலில் வழிமறித்து “இத வெச்சுக்குங்க சாமி” என்று கையில் திணிக்கும் ஐந்நூறு ரூபாய்.

கொடுத்தவர் “உங்களுக்கு” என்றால் அது உங்களுடையது. “கோயிலுக்கு”, “ஏழைங்களுக்கு” என்றால் உங்களுடையது அல்ல. ஒன்றும் சொல்லவில்லை என்றால் அந்த நிமிஷமே கேட்டுவிடுங்கள்: “இது எனக்கா, கோயிலுக்கா?” கொஞ்சம் கூச்சமாக இருக்கும். இருந்தாலும் அந்தக் கூச்சம் பிறகு வரும் பேச்சைவிடப் பரவாயில்லை. இதற்கென்று 80 பக்க நோட்டு இரண்டு வாங்கி, வந்ததை அன்று ராத்திரியே எழுதிவிடுங்கள். மறுநாளுக்குத் தள்ளினால் எது எதற்கு வந்தது என்பது குழம்பிவிடும்.

இப்போது அதிகம் சிக்குவது க்யூஆர் அட்டையில். உண்டியல் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டை பூசாரியின் சொந்த எண்ணாகவோ பாஸ்டர் மனைவியின் எண்ணாகவோ இருக்கும். தொடக்கத்தில் வசதிக்காக வைத்ததுதான். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. ஆனால் அதில் வந்த பணத்திலிருந்து நீங்கள் பத்து மூட்டை அரிசி வாங்கிக் கொடுத்தாலும் அது உங்கள் தானமாகாது. நீங்கள் நிஜமாகவே சொந்தப் பணத்தில் கொடுத்தாலும் ஜனங்கள் அதை உண்டியல் பணம் என்றே நினைப்பார்கள். தலத்தின் பெயரில் கணக்கு, இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்து, அந்தக் கணக்கின் க்யூஆர் மட்டும் சுவரில். இது முடியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

அறநிலையத் துறைக்குக் கீழ் வரும் கோயிலில் அர்ச்சகரோ ஊர்ப் பெரியவரோ தனியாக வசூல் தொடங்கக் கூடாது. நிர்வாக அதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, கோயில் ரசீதிலேயே வரவு வையுங்கள். புதுச்சேரிப் பக்கமும் அங்குள்ள இந்து சமயத் துறையின் நிர்வாகக் குழுவைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

எவ்வளவு கொடுப்பது

தொகையாக வைக்காதீர்கள், விகிதமாக வையுங்கள். “மாதம் ஆயிரம்” என்று தொடங்கியவர் ஆவணியில் வீட்டுக் கல்யாணம் வந்தால் நிறுத்திவிடுவார். “வருவதில் நூற்றுக்கு மூன்று” என்று வைத்தவர் நிறுத்த மாட்டார், தொகைதான் ஏறி இறங்கும். சம்பளம் 12,000, தட்டுக் காசு சுமார் 4,000 வரும் பூசாரிக்கு நூற்றுக்கு மூன்று என்றால் 480 ரூபாய். மார்கழியில் தட்டுக் காசு கூடும்போது தானமும் தானாகக் கூடும். சம்பளம் வந்த அன்றைக்கே, பால்காரருக்குக் கொடுப்பதற்கும் முன்னால், அதை எடுத்துத் தனி டப்பாவில் போடுங்கள். மாசக் கடைசியில் மிச்சம் பார்த்துக் கொடுக்கலாம் என்றால் மிச்சம் இருக்காது.

தசமபாகம் உள்ள சபைகளில் பத்தில் ஒன்று என்ற கணக்கு ஏற்கெனவே உண்டு. அங்கே பாஸ்டர் தன் தசமபாகத்தை மற்றவர்களைப் போலவே கவரில் போட்டு, ரசீது எண்ணோடு, பொருளாளரிடம் கொடுக்க வேண்டும். கணக்கிலேயே கழித்துக்கொண்டால் அவர் கொடுத்தது யார் கண்ணிலும் படாது. முஸ்லிம்களின் கட்டாய தர்மமான ஜகாத்துக்கு விதி தெளிவு: நிசாப் என்ற குறைந்தபட்ச அளவைத் தாண்டிய செல்வம் ஒரு சந்திர வருஷம் கையில் இருந்தால் நாற்பதில் ஒன்று. மிகக் குறைந்த சம்பளத்தில் இருக்கும் இமாம்கள் பலருக்கு ஜகாத் கடமையே ஆகாது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர்கள் வழி சதக்கா, அதாவது விரும்பிக் கொடுக்கும் தர்மம். ஒரு எச்சரிக்கை: ஜகாத் யாருக்குப் போகலாம் என்று குர்ஆன் (9:60) எட்டு வகையினரைக் குறித்துச் சொல்கிறது. ஏழை பணக்காரர் எல்லோரும் உட்காரும் பொதுப் பந்திக்கோ, பள்ளிவாசல் சுவருக்கு வெள்ளையடிக்கவோ அதை எடுக்காதீர்கள். சதக்காவை எடுக்கலாம்.

மேல் வரம்பும் வேண்டும். நோயில் இருந்த நபித்தோழர் சஅத் இப்னு அபீ வக்காஸ் தம் சொத்தை தர்மம் செய்ய அனுமதி கேட்டபோது, மூன்றில் ஒரு பங்கே அதிகம், வாரிசுகளைப் பிறரிடம் கையேந்த விடாதே என்று நபி தடுத்தது ஹதீஸ்களில் இருக்கிறது. கடன் வாங்கித் தானம் செய்யும் தலைவரைப் பார்த்து யாரும் கொடுக்கக் கற்பதில்லை. “பாவம், அவரால முடியல” என்று ஒதுங்கிவிடுவார்கள். வீட்டில் மனைவியோ கணவரோ ஒப்புக்கொண்ட விகிதம்தான் நிற்கும். அப்பா ஊருக்கெல்லாம் கொடுக்கிறார், நமக்குச் செருப்பு இல்லை என்று பிள்ளைகள் பேசத் தொடங்கினால் விகிதம் தப்பு என்று அர்த்தம்.

காசில்லாதவர் என்ன கொடுப்பார்

கடலூர்க்காரர்களுக்கு இதற்குச் சொந்த உதாரணமே உண்டு. கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் கரையேறிய இடம் திருப்பாதிரிப்புலியூர் என்பது ஐதிகம்; கரையேறவிட்ட குப்பம் என்ற ஊர்ப்பெயரே அதைச் சொல்லும். அவர் கையில் இருந்தது உழவாரம், புல் செதுக்கும் கருவி. பின்னால் பஞ்ச காலத்தில் திருவீழிமிழலையில் அடியாருக்குச் சோறு போட அப்பருக்கும் சம்பந்தருக்கும் தினம் ஒரு படிக்காசு கிடைத்தது என்றும், சம்பந்தர் காசைக் கடையில் வட்டம் (கழிவு) பிடித்துக்கொண்டே மாற்றினார்கள், அப்பர் காசு முழு மதிப்புக்குப் போனது என்றும் பெரிய புராணம் சொல்லும். அப்பர் கைத்தொண்டு செய்தவர் என்பதுதான் அதற்குச் சொல்லப்படும் காரணம். உழைப்பைக் கொடுப்பவர் காசு கொடுப்பவருக்குக் குறைந்தவரில்லை.

உடம்பால் கொடுப்பதில் ரத்தம்தான் எல்லோரையும் ஒரே தட்டில் வைப்பது. தர்மகர்த்தாவும் 350 மில்லிதான், கூலித் தொழிலாளியும் 350 மில்லிதான். 18 வயது முடிந்திருக்க வேண்டும், எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது, ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். ஆண்கள் 90 நாளுக்கு ஒரு முறை, பெண்கள் 120 நாளுக்கு ஒரு முறை கொடுக்கலாம். ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைகளின் ரத்த வங்கிக்கு ஒரு மாதம் முன்பே தலத்தின் முத்திரைக் கடிதம் கொடுத்து முகாம் தேதி கேளுங்கள். முகாம் அன்று முதல் கட்டிலில் நீங்கள் படுக்க வேண்டும். திறந்துவைத்துப் பேசிவிட்டுக் காரில் ஏறுவதை ஜனங்கள் நன்றாகவே கவனிப்பார்கள். சர்க்கரை, மருந்து என்று உங்களால் கொடுக்க முடியாவிட்டால் மைக்கில் அதைச் சொல்லிவிட்டு, சாயங்காலம் வரை வந்தவர்களுக்கு ஜூஸ் ஊற்றிக் கொடுங்கள். விரத நாள், நோன்புப் பகல், தவக்காலத்து வெள்ளி ஆகியவற்றில் முகாம் வைக்கக் கூடாது. வெறும் வயிற்றோடு வந்து மயங்கி விழுவார்கள். வந்தவரிடம் “சாப்பிட்டீங்களா?” என்று கேட்க வாசலில் ஒரு ஆளைப் போடுங்கள்.

வரிசை தப்பக் கூடாது

தாவீது ராஜா கோயிலுக்குப் பொருள் சேர்த்த கதை பைபிளில் முதலாம் நாளாகமம் 29-ம் அதிகாரத்தில் வருகிறது. தன் சொந்தப் பொன்னையும் வெள்ளியையும் முதலில் கணக்குச் சொல்லி வைக்கிறார். பிறகுதான் “இன்று மனப்பூர்வமாய்க் கொடுப்பவர் யார்?” என்று கேட்கிறார். அடுத்து தலைவர்கள் கொடுக்கிறார்கள், அதைப் பார்த்து ஜனங்கள் சந்தோஷப்படுகிறார்கள். எந்த மதத்துக்காரருக்கும் இந்த வரிசை பொருந்தும்.

முதல் மூன்று மாதம் நீங்கள் மட்டும் கொடுங்கள், யாரிடமும் சொல்ல வேண்டாம். நான்காம் மாதம் நிர்வாகக் குழுவில், ஏழெட்டுப் பேர் மட்டும் இருக்கும்போது, உங்கள் விகிதத்தை ஒரு வரியில் சொல்லுங்கள். பிறகு ஆளுக்கொரு துண்டுச் சீட்டு. அவரவர் எவ்வளவு என்பதை எழுதி, மடித்து, பொருளாளரிடம் கொடுக்கட்டும். வாயால் கேட்டால் முதலில் பேசியவர் சொன்ன தொகைதான் கடைசி வரை வரும். குழு கொடுக்கத் தொடங்கி ஒரு மாதம் ஆன பிறகே பொதுவில் கேளுங்கள். அவசரப்பட்டு நேரே மைக்கைப் பிடிக்கும் புதியவர்கள்தான் அதிகம். அப்போது “கமிட்டிக்காரங்க என்ன குடுத்தாங்க?” என்று ஒரு கேள்வி கிளம்பும், அதற்குப் பதில் இருக்காது.

என்ன சொல்வது, என்ன மறைப்பது

வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்கிறது மத்தேயு 6:3. அதே நற்செய்தியில், உங்கள் நற்செயல்களை மனிதர் காணும்படி ஒளி வீசட்டும் என்று 5:16-ம் இருக்கிறது. வெளிப்படையாகக் கொடுத்தால் நல்லது, மறைத்து ஏழைக்குக் கொடுத்தால் இன்னும் நல்லது என்று குர்ஆன் 2:271 இரண்டையும் ஒரே வசனத்தில் வைக்கிறது. புதியவர் குழம்பும் இடம் இது. நடைமுறையில் இப்படி வைத்துக்கொள்ளலாம்: கை தெரியட்டும், தொகை தெரிய வேண்டாம். யாருக்குக் கொடுத்தீர்கள் என்பது எந்தக் காலத்திலும் தெரிய வேண்டாம்.

மைக்கில் சொல்லத் தகுந்தது இவ்வளவுதான்: “நம்ம வீட்டு அடுப்பு மேடையில ஒரு டப்பா வெச்சிருக்கோம். தெனம் உலை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு பிடி அதுல போடுறோம். நாலு மாசமா போயிட்டு இருக்கு. நீங்களும் வெச்சா, மாசக் கடைசி ஞாயித்துக்கெழமை சேத்து சமைக்கலாம்.” இதில் கேட்பவருக்கு வேண்டியது எல்லாம் வந்துவிட்டது: என்ன, எவ்வளவு, எப்போது, எங்கே போகும், இவர் தொடங்கிவிட்டாரா. “நான் எவ்வளவோ தியாகம் செய்து…” என்று இழுத்தால் ஜனங்கள் செல்போனை எடுத்துவிடுவார்கள்.

வசதியான தர்மகர்த்தாவுக்கு இதற்கு நேர் எதிரான பிரச்சினை. அவர் முதல் நாளே ஒரு லட்சம் என்று அறிவித்தால் மற்றவர்கள் “அவரே பாத்துப்பாரு” என்று கைகட்டிக்கொள்வார்கள். அவர் கண்ணில் படாத செலவை எடுத்துக்கொள்வது நல்லது: பாத்திர வாடகை, சிலிண்டர், துப்புரவு. இல்லையென்றால் ஜனங்கள் கொண்டுவந்த அரிசிக்குக் கிலோவுக்குக் கிலோ தருவதாகச் சொல்லட்டும். அப்போது ஒரு பிடி போட்டவருக்கும் தன் பிடி இரண்டானது தெரியும்.

பிடி அரிசி: டப்பாவிலிருந்து பந்தி வரை

புதியவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. “யாவர்க்குமாம் உண்ணும்போது ஒரு கைப்பிடி” என்று திருமூலர் சொன்னது. சர்ச்சுகளிலும் கைப்பிடி அரிசிக் காணிக்கை உண்டு. வறுமையான வீடும் கொடுக்கலாம், பெரிய வீடும் அதே பிடியைத்தான் கொடுக்கும்.

பெரியவர் கைப்பிடி ஒன்று 40 முதல் 50 கிராம். தினம் ஒரு பிடி என்றால் ஒரு வீட்டிலிருந்து மாதம் ஒன்றேகால் கிலோ சுமாருக்கு வரும். 40 வீடுகள் டப்பா வாங்கிப் போனால் 40-ம் திரும்பி வரும் என்று கணக்குப் போடாதீர்கள். பாதியை வைத்துத் திட்டமிடுங்கள். 20 வீடு, 25 கிலோ. அதில் 100 பேர் பந்தி மூன்று போடலாம்.

டப்பா வீட்டில் இருப்பதே போதும். பெயர் எழுதி, ஸ்டிக்கர் ஒட்டி, உங்கள் படம் அச்சடிக்க வேண்டாம். தலத்தில் மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம் மூன்று வையுங்கள்: புழுங்கல், பச்சரிசி, ரேஷன். ஒரே டிரம்மில் கொட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பச்சரிசி குழையும்போது புழுங்கல் நறுக்கரிசியாக நிற்கும். சாப்பிடுகிறவர் முகம் சுளித்தால் கொடுத்த வீட்டுக்காரர் அடுத்த மாதம் டப்பாவைத் தொட மாட்டார். ரேஷன் அரிசியில் கொஞ்சம் வெளிறிய, தண்ணீரில் மிதக்கும் அரிசிகள் இருக்கலாம். பிளாஸ்டிக் அரிசி என்று பயந்து பொறுக்கி எறிவார்கள். அது இரும்புச் சத்தும் விட்டமினும் சேர்த்த செறிவூட்டப்பட்ட அரிசி. பொறுக்க வேண்டாம், களையும்போது மிதப்பதைக் கொட்டிவிடவும் வேண்டாம்.

கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். ஐப்பசிக்குப் பிறகு மூன்று வாரம் சும்மா கிடந்தால் வண்டு விழும். நன்றாகக் காய்ந்த வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் போடலாம். பச்சை வேப்பிலை போட்டால் அதன் ஈரமே பூசணம் பிடிக்க வைக்கும். ஞாயிறுதோறும் இரண்டு பேர் முன்னால் எடை போட்டு, எண்ணைச் சுவரில் எழுதுங்கள். உங்கள் வீட்டு டப்பாவும் அதே வரிசையில் நின்று கொட்டப்பட வேண்டும்.

சமைக்கும் நாளுக்கு அளவு, 100 பேருக்குச் சாம்பார் சாதம்: அரிசி 8 கிலோ, துவரம் பருப்பு இரண்டரை கிலோ, காய் 5 கிலோ, புளி அரை கிலோ, சாம்பார் பொடி 400 கிராம், எண்ணெய் 1 லிட்டர். உப்பை முக்கால் பங்கு முதலில் போட்டு மீதியை ருசி பார்த்துச் சேர்க்க வேண்டும். பெரிய அண்டாவில் உப்பு கூடினால் மீட்க முடியாது. சோறு, சாம்பார், ரசம், மோர் என்று முழுச் சாப்பாடு போடுவதாக இருந்தால் அரிசி 12 கிலோ ஆகும். வீட்டு சிலிண்டரைப் பந்திக்குப் பயன்படுத்தக் கூடாது. வணிகப் பயன்பாட்டுக்கான 19 கிலோ சிலிண்டர் எடுங்கள்.

அன்று உங்கள் இடம் எங்கே? காய் நறுக்கும் பலகையில், பிறகு பரிமாறும் வரிசையில், கடைசியாக இலை எடுக்கும் இடத்தில். சாப்பிடுவது கடைசிப் பந்தியில், மீந்ததை, மற்றவர்களோடு அதே பாயில். தலைவருக்கென்று தனி அறையில் தனி இலை போட்டால் காலையிலிருந்து செய்த அத்தனையும் வீண். பசித்து வந்தவரிடம் சாதி, மதம், ஊர் கேட்கக் கூடாது. வடலூரில் 1867 மே 23-ல் வள்ளலார் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிவது அந்த ஒரு நிபந்தனையோடுதான். அதற்கு நிலம் கொடுத்தவர்கள் பார்வதிபுரத்து மக்கள் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். தனக்கென்று எதுவும் வைத்துக்கொள்ளாதவர் கேட்டதால் ஊரே கொடுத்தது.

சால்வையை நிறுத்துங்கள்

இந்த வட்டாரத்தில் ஒரு தலைவரின் கொடைக்குணம் சோதிக்கப்படுவது அவருக்கு மற்றவர்கள் கொடுக்கும்போது. பிறந்த நாள், குருப்பட்ட ஆண்டு நாள், கும்பாபிஷேகம் என்று வந்தால் பொன்னாடை குவியும். பளபளவென்ற அந்த நைலான் துணி எதற்கும் உதவாது. பீரோவில் கிடந்து அடுத்த விழாவில் இன்னொருவர் தோளுக்குப் போகும்.

ஒரு மாதம் முன்னதாக இரண்டு தடவை அறிவியுங்கள்: சால்வை வேண்டாம், 200 பக்க நோட்டு கொண்டுவாருங்கள். நோட்டு வேண்டாம் என்றால் ஈரிழைத் துண்டு. ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையிருப்பவர்களுக்கு அது உதவும். அறிவிப்பைக் கேட்காமல் சால்வையோடு வருகிறவரை மேடையில் திருப்பி அனுப்பாதீர்கள், வாங்கிக்கொள்ளுங்கள். மேடையில் அவமானப்பட்டவர் அதற்குப் பிறகு எதற்கும் வர மாட்டார். வந்த நோட்டுகளை அன்றைக்கே எண்ணி, எந்தப் பள்ளிக்குப் போகிறது என்பதைச் சொல்லிவிடுங்கள். கோயில் மரபில் வரும் பரிவட்டம் வேறு விஷயம். அது ஆளுக்குக் கிடைக்கும் பரிசு அல்ல, அதில் கை வைத்து ஊர்ச் சண்டையை இழுத்துக்கொள்ள வேண்டாம்.

கணக்குப் பலகை

பவுல் எருசலேம் ஏழைகளுக்குப் பணம் சேர்த்தபோது, யாரும் குறை சொல்லாதபடி கூடவே வேறு ஆட்களை அனுப்பினார் (2 கொரிந்தியர் 8:20-21). அப்போஸ்தலருக்கே அது தேவைப்பட்டது.

எண்ணும்போது மூன்று பேர், அவர்களில் இருவர் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது, நீங்கள் அந்த மூவரில் ஒருவராக இருக்கவே கூடாது. ரொக்கம் மறு வேலை நாளில் வங்கிக்குப் போக வேண்டும். மாதம் முடிந்து ஐந்து நாளுக்குள் பலகையில் ஐந்து வரி: சென்ற மாத இருப்பு, வரவு, செலவு, இப்போதைய இருப்பு, எத்தனை குடும்பம். கொடுத்தவர் பெயர் வேண்டாம். வாங்கியவர் பெயர் வேண்டவே வேண்டாம். டியூப் லைட்டில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு உபயதாரர் பெயர் நிற்பதைப் பார்த்துச் சிரித்தவர்கள்தானே நாமெல்லாம்.

வருமான வரிச் சலுகை பற்றி வாய்வார்த்தையாக உறுதி கொடுக்காதீர்கள். மதத் தலங்கள் பலவற்றுக்கு, கொடுப்பவருக்கு வரிச் சலுகை தரும் பதிவு (80ஜி என்று சொல்வது) இருக்காது. இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது. புதுச்சேரிக்காரர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று: பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள உறவினர்கள் நன்கொடை கொடுத்தால், அது உள்ளூர் வங்கியிலிருந்து ரூபாயிலேயே வந்தாலும் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு இல்லாத தலம் அதை வாங்கக் கூடாது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு பாரிஸில் வேலை செய்கிறவர் தன் சம்பாத்தியத்தில் அனுப்புவது அந்தக் கணக்கில் வராது. “நம்ம சொந்தக்காரர்தானே” என்று வாங்கிவிட்டு ஆடிட்டரிடம் முழிக்க வேண்டாம்.

கெட்டுப்போகும் இடங்கள்

தொகையை மைக்கில் படிப்பது. முதல் வருஷம் வசூல் கூடும், அடுத்த வருஷம் சிறு தொகை கொடுப்பவர்கள் வராமலே இருந்துவிடுவார்கள். அறுவடைப் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய் ஆயிரக்கணக்கில் போவது நல்ல வேடிக்கைதான், இருக்கட்டும். ஆனால் அதையே வருஷம் முழுவதும் நடத்தக் கூடாது.

உதவி வாங்குகிறவரைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது. புயல் நேரத்தில் இது தலைதூக்கும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் வந்தபோது கூரையும் பலா, முந்திரி மரங்களும் போய் நின்றவர்களில் அதுவரை அடுத்தவருக்குக் கொடுத்தே பழகிய விவசாயிகளும் உண்டு. அப்படிப்பட்டவரைக் கேமரா முன்னால் கையேந்த விடுவது கொடுமை. அதற்குப் பதில் மளிகைக் கடையில் முன்பணம் கட்டி, கடைக்காரர் கையெழுத்திட்ட சீட்டைக் கொடுங்கள். வாங்குகிறவர் தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்வார், கடையில் நிற்கும் மற்றவருக்கு வித்தியாசமும் தெரியாது. புயல் முடிந்த முதல் வாரம் எல்லோரும் ரொட்டியும் பழைய சேலையும் கொண்டுவருவார்கள். தேவைப்படுவது தார்ப்பாய், பாய், கொசுவலை, நாப்கின். நீங்கள் முதலில் தார்ப்பாய் ஒன்றை வாங்கி வைத்தால் அதைப் பார்த்து மற்றவர்கள் வாங்குவார்கள்; பழைய சேலையை வைத்தால் பழைய சேலைதான் குவியும்.

கொடுத்துவிட்டு “வாரா வாரம் வந்துடணும்” என்று கொக்கி போடுவது. தேர்தல் அறிவித்த பிறகு கட்சிக்காரர் தரும் அரிசி மூட்டையை உங்கள் கையால் விநியோகிப்பது. இரண்டுமே பல வருஷ நம்பிக்கையை ஒரே நாளில் தின்றுவிடும்.

எல்லாம் உங்கள் தலையிலேயே ஓடுவதும் ஒரு கேடுதான். ஆறாம் மாதத்துக்குள் எடை போடுவது ஒருவர், சமையல் ஒருவர், பலகை எழுதுவது ஒருவர் என்று பிரித்துவிடுங்கள். ஒரு மாதம் வேண்டுமென்றே ஊரில் இல்லாமல் இருந்து பாருங்கள். பந்தி நடந்ததா? நடக்கவில்லை என்றால் எந்த வேலையில் நின்றது என்பதைக் கண்டுபிடித்து, அதற்கு இரண்டாவது ஆளைப் பழக்குங்கள்.

மாற்றலாகிப் போகும்போது

பங்குத் தந்தைக்கும் பாஸ்டருக்கும் மாற்றல் வரும், இமாம் ஊர் மாறுவார், அறங்காவலர் பதவிக் காலம் முடியும். போகும் முன் உங்கள் தனி டப்பாவில் இருப்பதைக் கொடுத்து முடித்துவிடுங்கள். தலத்தின் நோட்டைக் கடைசிப் பக்கம் வரை இருப்பு எழுதி, பொருளாளரும் நீங்களும் கையெழுத்திட்டு ஒப்படையுங்கள். உதவி பெறும் குடும்பங்களின் பட்டியலை உறையில் போட்டு ஒட்டி, புதியவர் கையில் மட்டும் நேரில் கொடுங்கள்; குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். வங்கியில் கையெழுத்து மாற்ற, குழுத் தீர்மானத்தின் நகல், புதியவரின் ஆதார், பான், புகைப்படம் ஆகியவை கேட்பார்கள். நீங்கள் ஊரில் இருக்கும்போதே, புதியவரை அழைத்துக்கொண்டு போய் அதை முடித்துவிடுங்கள். அதைச் செய்யாமல் போனால் அடுத்த மாதப் பருப்புக்குக் காசோலை எழுத ஆள் இருக்காது.